தோற்கும் இடத்தில் நாடகத்தை நிறுத்துங்கள்

வாசகர் கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். போன வருடச் சிறப்பு முகாமில் மாணவர்கள் குழந்தைத் திருமணம் பற்றி விழிப்புணர்வு நாடகம் போட்டார்கள். கடைசியில் போலீஸ் வந்து கல்யாணத்தை நிறுத்தும். எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள். ஊர் நன்றாகக் கைதட்டியது. ஆனால் அடுத்த மாதமே அதே ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. நடித்த பிள்ளைகளும் அதை ஒரு கலைநிகழ்ச்சியாகத்தான் நினைக்கிறார்கள். இந்த வருடம் 7 நாள் முகாம், 50 பேர். முறையான நாடகப் பயிலரங்கு நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது? மாணவிகள் சொந்தக் கதையைச் சொல்லி அழுதால் என்ன செய்வது? ஊரில் சண்டை வந்தால்?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

அன்று கைதட்டியவர்களில் பெண்ணுக்கு 18 வயது ஆகவேண்டும் என்பது தெரியாதவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். பத்திரிகை அடிக்காமல், மண்டபம் பிடிக்காமல், விடிகாலையில் ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டி முடிப்பதே சட்டம் தெரிந்ததால்தான். தெரிந்த ஒன்றை மறுபடி தெரிவிக்கும் நாடகத்துக்குக் கைதட்டு மட்டும்தான் கிடைக்கும். பெற்றோரை இந்த முடிவுக்குத் தள்ளுவது அச்சம். பெண் யாரோடாவது போய்விடுவாளோ, அதுவும் வேறு சாதிப் பையனோடு போய்விடுவாளோ என்ற அச்சம். வேலைக்கு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போகும்போது வயசுப் பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது என்ற கவலை. சொந்தத்தில் வாங்கிய கடன். மாலை ஆறு மணிக்குமேல் பஸ் இல்லாத ஊர். இவை மேடைக்கு வராதவரை உங்கள் நாடகம் அந்த ஊரைப் பற்றியதாக இருக்காது.

ஆகவே இந்த முறை தீர்வைச் சொல்லும் நாடகம் வேண்டாம். உங்களுக்குப் பொருத்தமானது விவாத அரங்கு. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ முறையின் மையமான வடிவம் அது. மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்ற அமைப்பு, விவசாயக் கூலிகளையே நடிகர்களாக்கி இதைப் பல ஆண்டுகளாகக் கிராமங்களில் நடத்திவருகிறது. முறை எளிமையானது. ஒருத்தி ஒன்றை விரும்புகிறாள், போராடுகிறாள், தோற்கிறாள். 12 முதல் 15 நிமிடத்தில் நாடகம் அங்கேயே நின்றுவிடும். பிறகு அதே நாடகம் மறுபடி தொடங்கும். பார்ப்பவர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லலாம்; தோற்பவளின் இடத்திலோ அவளுக்குத் துணை நிற்கக்கூடியவரின் இடத்திலோ தானே வந்து நின்று, வேறு மாதிரி செய்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நடிக்க வேண்டும். நாளைக்குச் சொந்த வீட்டில் பேச வேண்டியதற்கான ஒத்திகை இன்றைக்கு ஊர் நடுவில் நடக்கிறது.

உங்கள் மாணவர்களுக்கும் இதுதான் பயன். ‘குழந்தைத் திருமணம் கூடாது’ என்று மேடையில் முழங்கும் பையன், தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வாய் திறக்கமாட்டான். திறக்க நினைத்தாலும் என்ன சொல்வதென்று தெரியாது. அந்த வாயைத் திறக்க வைக்கும் பயிற்சியே இந்தப் பயிலரங்கு.

50 பேரை ஒரே கூட்டமாக வைத்து நடத்தாதீர்கள். 25 பேராக இரண்டு அணி, அணிக்கு ஒரு பயிற்சியாளர். இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அணிக்கு 30க்கு 40 அடியளவில் தரை பெருக்கிய, நாற்காலி இல்லாத ஒரு கூடம் தேவை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளுக்கு இடையே தடுப்பு இருந்தால் அதை எடுத்துவிட்டால் போதும். முகாமுக்கு முந்தைய நாளே போய் இடத்தைத் தயார்செய்துவிடுங்கள். முதல் நாள் தொடங்கி 5ஆம் நாள் வரை பயிலரங்கு, 6ஆம் நாள் மாலை நிகழ்த்துதல். தினமும் காலை 9.30 முதல் 12.30 வரை, பிறகு 3.30 முதல் 5.30 வரை. மரம் நடுதல், சாக்கடை தூர்வாருதல் போன்ற களப்பணியைக் காலை 6.30 மணிக்கே தொடங்கி, பயிலரங்குக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் மண்வெட்டி பிடித்துவிட்டு, சோறும் தின்றுவிட்டு வரும் பிள்ளைகளிடம் மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பயிற்சியும் எடுபடாது. பொருள் என்று பார்த்தால் அணிக்கு 12 மூங்கில் குச்சிகள் (இரண்டரை அடி நீளம், முனை மழுக்கியது), 20 சார்ட் அட்டை, மார்க்கர் பேனா, துண்டு நான்கு. ஒப்பனைச் சாமானும் புடவையும் ஒட்டுமீசையும் வாங்கவே வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். பயிலரங்கு நேரத்தில் கல்லூரி முதல்வரோ சிறப்பு விருந்தினரோ உள்ளே உட்கார்ந்து பார்க்கக்கூடாது. இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

முதல் நாள் முழுக்க உடம்புதான்; தலைப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். கூடம் முழுக்க நடக்கச் சொல்லுங்கள். ‘நில்’ என்றால் நடக்கவேண்டும், ‘நட’ என்றால் நிற்கவேண்டும். பத்து நிமிடத்தில் சிரிப்பும் வியர்வையுமாகக் கூச்சம் பாதி போய்விடும். அடுத்தது குச்சிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று, மூங்கில் குச்சியின் இரு முனைகளையும் ஆளுக்கு ஒரு ஆள்காட்டி விரல் நுனியால் தாங்கிக்கொண்டு, கீழே விழாமல் கூடம் முழுக்க நகரவேண்டும். கைகோக்கச் சொன்னால் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள், பிறகு வீட்டிலிருந்து புகாரும் வரும். குச்சி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. அதற்கடுத்து உள்ளங்கைப் பயிற்சி. ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்க, கை போகிற இடமெல்லாம் முகமும் போகவேண்டும். குனியவைக்கலாம், உட்காரவைக்கலாம், ஓடவைக்கலாம். மூன்று நிமிடம் கழித்து ஆள் மாற்றம்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். விளையாட்டு நன்றாகப் போகிறதே என்று அடுத்த விளையாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். பத்து நிமிட விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடப் பேச்சு என்று கணக்கு வையுங்கள். வட்டமாக உட்காரவைத்துக் கேளுங்கள்: கையைப் பிடித்திருந்தபோது உனக்கு என்ன தோன்றியது? குனிந்து போனபோது? எந்த நேரத்தில் ‘போதும்’ என்று சொல்ல நினைத்தாய், ஏன் சொல்லவில்லை? உன் வீட்டில் அந்தக் கை யாருடையது? கடைசிக் கேள்விக்கு முதல் நாள் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாகக் கிடைக்கும். பரவாயில்லை, விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் அதற்குப் பதில் தானாக வரும்.

இரண்டாம் நாள் சிலை அரங்கு. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, பேசாமல், ஒருவரை ஒருவர் களிமண்ணைப் போல வடித்து, ‘பெண் பார்க்க வந்திருக்கும் வீடு’ என்று ஒரு உறைந்த காட்சி அமைக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் சுற்றிவந்து பார்க்கட்டும். யார் நின்றுகொண்டிருக்கிறார், யார் தரையில், யார் கதவுக்குப் பின்னால், யார் கண் யாரைப் பார்க்கிறது என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சிலையின் தோளையும் தொட, அந்தச் சிலை தன் மனத்தில் ஓடுவதை ஒரே வரியில் சொல்லவேண்டும். ஒரு குழுவில் அம்மா கையில் தட்டோடு நிற்பாள். தோளைத் தொட்டால் ‘எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க’ என்று வரலாம். அந்த மாதிரி வரி வந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்துதான் நாடகம் பிறக்கும். அதன்பின் அதே குழு ‘எப்படி இருக்கவேண்டும்’ என்று இன்னொரு சிலை அமைக்கட்டும். முதல் சிலையிலிருந்து இரண்டாவதுக்கு, நீங்கள் ஒரு கைதட்டினால் ஒரு அசைவு என்ற கணக்கில், படிப்படியாக மாறச் சொல்லுங்கள். முதலில் அசைவது யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பெண் அசையமாட்டாள். பாட்டியோ அண்ணனோ அசைவார்கள். யாரிடம் தொடங்க முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் இடம் அதுதான்.

ஒப்பனை வேண்டாம் என்றேனே, அது இரண்டாம் நாள்தான் புரியும். பையன் துப்பட்டாவைப் போட்டு ஒயிலாக நடந்தால் கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு பெண்பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். அன்றைக்கு முழுக்கத் திறக்கமாட்டார்கள். ஆண்கள் பெண்ணாக நடிக்கலாம், நடிக்கவும் வேண்டும். ஆனால் துணியும் குரல்மாற்றமும் இல்லாமல், ‘இவளுக்கு இப்போது என்ன வேண்டும், யாருக்குப் பயப்படுகிறாள்’ என்பதை மட்டும் வைத்து நடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் கதை சேகரிப்பு. நீங்கள் பயப்படும் அழுகை இந்த நாளில்தான் வரும். தொடங்கும் முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள்: ‘எனக்கு’ என்று யாரும் பேசவேண்டாம், ‘ஒரு வீட்டில்’ என்று பேசுவோம், ஊர்ப்பெயர், ஆள்பெயர், சாதிப்பெயர் கிடையாது, இங்கே கேட்டது வெளியே போகாது, பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருக்கலாம். பிறகு மூன்று கதைகளைக் கலந்து ஒரு கதையாக்குங்கள். யாருடையது என்று யாராலும் சொல்லமுடியாத கதையாக அது மாறவேண்டும். யாராவது அழுதால் சுற்றி நின்று தேற்றும் கூட்டம் கூடாது. பெண் ஆசிரியை ஒருவர் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்துச் சும்மா உடன் இருக்கட்டும். மற்றவர்களுக்கு இடைவேளை விட்டு, ஒரு எளிய நடைப்பயிற்சியோடு மறுபடி தொடங்குங்கள். அழவைத்தால்தான் நாடகம் ஆழமாகும் என்று நினைக்கும் பயிற்சியாளரை அழைக்காதீர்கள். அவர் மனநல மருத்துவர் அல்ல. திறந்துவிட்ட புண்ணோடு அந்தப் பெண் விடுதிக்குத் தனியாகத்தான் போகவேண்டும்.

ஆனால் ‘அடுத்த மாசம் என் தங்கச்சிக்கு நிச்சயம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த நிமிடமே அது நாடகத்துக்கான கதை இல்லை. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். முகாம் தொடங்குமுன் அவரை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பேச்சில் பாலியல் வன்முறை வெளிப்பட்டு, பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், போக்சோ சட்டப்படி தகவல் அறிந்த உங்களுக்கே அதைத் தெரிவிக்கும் கடமை உண்டு. இதை உங்களோடு வரும் எல்லா ஆசிரியர்களும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் நாடகத்தைக் கட்டுவது. உரையாடல் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். மனப்பாடம் செய்தவரால் ஊர்க்காரர் குறுக்கே வந்தால் பதில் சொல்லமுடியாது. ஒவ்வொரு காட்சிக்கும் யாருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் முடிவுசெய்து, ஐந்தாறு தடவை நடித்துப் பார்த்தால் உரையாடல் தானே கெட்டிப்படும். நான்கு காட்சிகள் போதும். எப்படி அமையலாம் என்பதற்கு ஒரு காட்சியைக் காட்டுகிறேன்.

செல்வி பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் படிக்க ஆசை. போன வருடம் அப்பா போர்க்கிணறு போட அத்தையிடம் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார். அத்தை வந்து திண்ணையில் உட்காருகிறாள், காபியைக் குடித்து முடிக்கிறாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்கிறாள்: “போர் போட்ட காச நான் கேட்டனாண்ணே? பொண்ணத்தான கேக்கறேன்.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். அம்மா செல்வியைப் பார்க்கிறாள், பிறகு தரையைப் பார்க்கிறாள். செல்வி, ‘பரீட்சை முடியட்டும் அத்த’ என்பதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. காட்சி அவ்வளவுதான்.

இந்தக் காட்சியில் குடிகாரன் யாருமில்லை, அரக்கி யாருமில்லை. அத்தை கேட்பதில் அவளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அப்பா எழும் முன், அம்மா தரையைப் பார்க்கும் முன், செல்வி வாய் திறக்கும்போது என்று குறுக்கிட மூன்று இடங்கள் தெளிவாக இருக்கின்றன. மாணவர்கள் முதலில் எழுதும் நாடகத்தில் அப்பா கட்டாயம் குடித்துவிட்டுத்தான் வருவார். அனுமதிக்காதீர்கள். குடியைக் காட்டியதும் பார்ப்பவர், ‘நம்ம வீட்டில் யாரும் குடிக்கிறதில்லை, இது நம்ம கதை இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்வார். அதேபோல, தப்பிக்க வழியே இல்லாத அளவுக்கு இறுக்கிவிட்டாலும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அடி, உதை, தற்கொலை எல்லாம் அந்த வகை.

மேடைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று நடத்திக்கொடுப்பவருக்குப் போவால் வைத்த பெயர் ஜோக்கர், சீட்டுக்கட்டில் எந்தப் பக்கமும் சேராத சீட்டு. நமக்குக் கட்டியங்காரன் இருக்கிறான். உங்கள் மாவட்டத்தில் தெருக்கூத்து இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. கதைக்குள்ளும் இருந்து ஜனங்களோடும் பேசும் ஆள் உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கும் புரியும். ஆனால் கூத்தில் போலக் கேலி பேசவேண்டாம், குறுக்கே வந்தவரைச் சிரிப்பாக்கிவிடும். அவருடைய வேலை கேள்வி கேட்பது. ‘இவங்க பண்ணினது நம்ம ஊர்ல நடக்குமா?’ ‘இதுக்கு அத்தை அடங்கிடுவாங்களா?’ ‘வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?’ கேட்டுவிட்டு மௌனத்தைத் தாங்கவேண்டும். மனத்துக்குள் இருபது எண்ணச் சொல்லுங்கள். பழகாதவர் ஐந்து எண்ணுவதற்குள் தானே பதில் சொல்லிவிடுவார், அதோடு விவாதம் முடிந்துபோகும். இந்தப் பொறுப்புக்கு நன்றாகப் பேசும் மாணவனைத் தேடாதீர்கள், நன்றாகக் கேட்கும் மாணவியைத் தேடுங்கள். ஐந்தாம் நாள் முழுவதும், முகாமில் உள்ள மற்ற அணியை ஊராக உட்காரவைத்துப் பழகட்டும்.

வரும் குறுக்கீடுகளில் பாதி மாயத் தீர்வாக இருக்கும்: கலெக்டர் வந்துவிடுவார், அத்தை மனம் மாறிவிடுவாள், லாட்டரி விழாத குறைதான். ‘தப்பு’ என்று சொல்லவேண்டாம், ‘நடக்குமா?’ என்று ஊரையே கேட்டால் ஊரே சிரித்துச் சொல்லிவிடும். நல்ல குறுக்கீடு எப்படி இருக்கும் என்றால், ஒரு பெண் எழுந்துவந்து அம்மாவின் இடத்தில் நின்று, “காசுக்கு ரெண்டு மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ. பொண்ணு படிக்கட்டும்” என்பாள். அத்தையாக நடிக்கும் மாணவி இங்கே திகைத்து நின்றால் நாடகம் செத்துவிடும். “மாடு யார்கூடயும் ஓடிப்போவாது அண்ணி. உம்பொண்ணு போவ மாட்டான்னு எழுதித் தருவியா?” என்று அவள் திருப்பி அடிக்கவேண்டும். இப்போதுதான் உண்மையான அச்சம் நடுவீதிக்கு வந்திருக்கிறது. கட்டியங்காரர் அந்த இடத்தில் எல்லோரையும் உறையவைத்து, ‘அம்மா இப்ப என்ன சொல்லலாம்?’ என்று கேட்கட்டும். அடுத்த அரைமணி நேரம் ஊர் பேசுவதை நீங்கள் கேட்டால் போதும். ‘படிக்கவைக்கப் பணம் ஏது?’ என்று யாராவது கேட்டால் மட்டும் தகவல் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி கல்யாணத்தை நடத்திவைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேட்காமல் சொல்லும் தகவல் ஒலிபெருக்கி அறிவிப்பாகப் போய்விடும்.

ஒரு குறுக்கீட்டுக்கு நான்கு நிமிடம், பிறகு பேச்சு. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறுக்குமேல் போகாது.

சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, ‘எங்க வீட்டைத்தான் காட்டுறீங்க’ என்பது. நாடகம் போடும் ஊரில் கதை சேகரிக்காமலிருந்தால் இது பெருமளவு குறையும். இரண்டாவது இடம். கோயில் முன்னால் போட்டால் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள், அல்லது தள்ளி நிற்பார்கள். ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடம் எது என்று முதல் நாளே நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பள்ளி மைதானமோ நியாயவிலைக்கடை முன்பகுதியோ அமையும். பறையடித்து ஆள் கூட்டலாம். ஆனால் அதைக் குறிப்பிட்ட சில மாணவர்கள் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். எல்லாரும் ஒரு அடியாவது கற்றுக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்கட்டும். ஊராட்சித் தலைவரிடம் முன்பே பேசுங்கள், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். கை நீட்டும் அளவுக்கு வாக்குவாதம் முற்றினால் கட்டியங்காரர் நாடகத்தை நிறுத்தி எல்லோரையும் பாட்டுக்கு எழுப்பவேண்டும். அந்தப் பாட்டையும் முன்பே தயாராக வையுங்கள்.

மேடை, மைக் இரண்டும் தவிர்க்கப் பாருங்கள். மைக் வைத்தால் எழுந்துவருபவர் நடிக்கமாட்டார், பேசத்தான் பேசுவார். வட்டமாக, 150 பேருக்குள் என்றால் குரலே போதும். பெண்கள் எப்போதும் பின்வரிசையில் இருட்டில்தான் நிற்பார்கள், எழுந்துவருபவர்கள் எல்லாம் முன்னால் இருக்கும் இளவட்டங்களாகவே இருப்பார்கள். அதனால் அதே நாளில் மதியம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், பெண்கள் மட்டும் இருக்கும்போது ஒருமுறை நிகழ்த்திவிடுங்கள். மாலை நிகழ்ச்சியில் முதலில் எழுந்துவருவது அந்த மதியக் கூட்டத்துப் பெண்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி, பலரும் விட்டுவிடும் பகுதி. 1990களின் தொடக்கத்தில், எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போனபோது, நாடகம் முடிந்த பிறகு அந்த ஊரில் நடக்கப் பாடவகுப்பு இருந்தது. நாடகத்தால் கிளர்ந்த மனம் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. உங்கள் நாடகத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். ஒரு மாணவர் நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறுக்கீட்டையும் எழுதட்டும்: யார் இடத்தில் வந்தார், என்ன செய்தார், ஊர் என்ன சொன்னது. மறுநாள் காலை அதை வாசித்தால், வீட்டுக்குள் முடியக்கூடியவை எவை, ஊர் சேர்ந்தால் முடிபவை எவை என்று பிரிந்துவிடும். ‘பஸ் பாஸ் இருக்கு, பஸ்தான் இல்ல’ என்று மூன்று பேர் சொல்லியிருந்தால் அது கிராமசபைக்கான மனு. ரியோ டி ஜெனிரோ மாநகராட்சிக்கு 1992இல் தேர்வான போவால், விவாத அரங்குகளில் மக்கள் சொன்னவற்றைத் தொகுத்தே 13 உள்ளூர்ச் சட்டங்களைக் கொண்டுவந்தார். உங்களுக்கு ஒரு மாலை பஸ் கிடைத்தாலே பெரிய காரியம். முகாமுக்குப்பின் வரும் முதல் கிராமசபையில் அந்த மனுவை ஊர்க்காரர் ஒருவரே கொடுக்கவேண்டும், மாணவர்கள் பக்கத்தில் நின்றால் போதும். மூன்று மாதம் கழித்து அதே ஊருக்கு ஒருநாள் திரும்பிப் போகும் தேதியை இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வேனில் ஏறிவிடாதீர்கள். அத்தையாக நடித்த மாணவி ஊர்க்காரர்கள் நடுவே போய் நின்று, தன் சொந்தப் பெயரையும் படிக்கும் வகுப்பையும் சொல்லட்டும். வேடத்தை அங்கேயே களைந்துவிட்டு வரவேண்டும். கூட்டம் கலைந்தபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். விளக்கு வெளிச்சத்தில், ஆனால் சற்றுத் தள்ளி, இரண்டு பெண் ஆசிரியைகள் நிற்கட்டும். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண்பிள்ளை இரண்டு முறை அந்தப் பக்கமாகப் போய் வந்தால், மூன்றாவது முறை அவளிடம் நீங்களே பேச்சுக் கொடுங்கள்.